கறுப்புக் கம்பி

ரயில்வே கேட்டைத் தாண்டி விருதுநகர் ரோட்டில் நான் நடக்கத் தொடங்கி அரைமணி நேரம் ஆகியிருக்கும். மேளச்சத்தம் நின்றுவிட்டதா, தூரத்தில் தேய்ந்துபோனதா என்று தெரியவில்லை. போட்டிருந்தது புதுச் சட்டை. காலரில் கடைக்காரர் குத்திய குண்டூசியை எடுக்க மறந்திருந்தேன். நடக்க நடக்க அது பிடரியில் உரசியது. எடுத்துப் போட்டிருக்கலாம், போடவில்லை. காலில் செருப்பு கிடையாது. தார் இளகிய இடங்களில் ரோட்டைவிட்டு இறங்கி, கருவேல முள் பார்த்து மண்ணில் நடந்தேன். கத்திரி வெயில். கால்சட்டைப் பையில் ஒரு முழ நீளத்துக்கு அறுந்த கறுப்பு நரம்பு ஒன்று சுருண்டு கிடந்தது. அதைத் தவிர வேறு எதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது.

அதற்குப் பிறகு நான் ஓரிடத்தில் இருந்ததில்லை. ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றினேன். லாரியில் கிளீனராக நாக்பூர் வரை போனேன். சூரத்தில் சாயப்பட்டறையில் மூன்று வருசம். உங்களில் பாதிப் பேர் இப்படித்தான் இருந்திருப்பீர்கள். நம் வயதுக்காரர்கள் நாலு பேர் டீக்கடையில் உட்கார்ந்தால், யார் சின்ன வயதில் வேலைக்குப் போனது என்று போட்டி போட்டுச் சொல்கிறோம். நீ ஏன் வீட்டைவிட்டுப் போனாய் என்று கேட்டால் பசி என்று சொல்லிவந்திருக்கிறேன். பசி இருந்தது, பொய் இல்லை. ஆனால் பசி எல்லா நாளும் இருந்தது. நான் கிளம்பியது ஒரே ஒரு நாள்தான். அந்த நாளுக்குக் காரணம் பொறாமை.

அய்யா பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கிறவர். நான் நாலாப்பு படிக்கும்போது மருந்து ரூமில் தீப்பிடித்தது. அய்யா பிழைத்துக்கொண்டார். வலது கையில் விரல்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, கை ஒரு கரண்டி மாதிரி ஆகிவிட்டது. அந்த முதலாளிக்கே ஒரு அச்சாபீசும் இருந்தது. அய்யாவை அங்கே கேட் வாட்ச்மேனாகப் போட்டார். அம்மா பட்டாசுக் கம்பெனியில் குழாய்க்குள் மருந்து செலுத்தப் போனாள். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் என்னை நிறுத்தி வீட்டில் தீப்பெட்டி ஒட்ட உட்காரவைத்தார்கள். அழுததாக நினைவில்லை. பசைக் கிண்ணத்தில் ஈ விழுந்தால் எடுத்துப் போட்டுவிட்டு ஒட்டுவேன். எனக்குக் கீழே ஒரு தங்கச்சி. அவளுக்கு ஆறு வயது, இன்னும் பள்ளிக்கூடத்திலோ வேலையிலோ போட்டிருக்கவில்லை.

அந்த வருசம் மாசியில் அச்சாபீசுக்கு ஜெர்மனியிலிருந்து புது மெஷின் வந்தது. மூன்று லாரி நிறைய மரப்பெட்டிகள். அதைப் பூட்டிக் கொடுக்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். கூடவே அவர் மனைவி. பூட்டி முடிக்க மூன்று மாதம் ஆகும் என்று, அச்சாபீசுக்குப் பின்னால் இருந்த கெஸ்ட் ஹவுசில் அவர்களைத் தங்கவைத்தார்கள். சாயங்காலம் பாத்திரம் கழுவிக் கூட்டிப் பெருக்க அம்மாவைப் போகச் சொன்னார் முதலாளி. அம்மா எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போனாள்.

பெட்டிகளைப் பிரித்தபோது மெஷின் பாகங்களுக்கு நடுவே கம்பளி சுற்றிய ஒன்று வந்தது. என் உயரத்துக்கு மரச்சட்டம். மேலே அன்னத்தின் கழுத்து மாதிரி வளைவு. வளைவிலிருந்து கீழே வரை வரிசையாக நரம்புகள். அச்சாபீஸ் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள்.

"தறியில பாதி ஒடிஞ்சு போச்சு போல" என்றார் ஒருவர்.

"இது கட்டிலுலே. இன்னும் கயிறு பின்னி முடிக்கல" என்றார் இன்னொருவர்.

அந்த வாத்தியத்தின் பெயர் ஹார்ப் என்று பல வருசம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு எல்லோரும் கம்பிச்சட்டம் என்றார்கள். நரம்பையும் கம்பி என்றே சொன்னோம். நான் எண்ணிப் பார்த்தேன், முப்பத்து நாலு. எல்லாம் வெளுப்பு, ஏழு கம்பிக்கு ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. வழி தெரியாமல் போகாமலிருக்க அந்த இரண்டு நிறம் என்று பிறகு புரிந்தது. அதைக் கெஸ்ட் ஹவுசுக்குள் தூக்கியவர்களில் நானும் ஒருவன். தூக்கும்போது ஒரு கம்பியில் என் கை பட்டது. சத்தம் மரம் வழியாக வந்து என் முழங்கையில் இறங்கியது. எங்கள் ஊரில் அந்தக் கம்பியைத் தொட்ட முதல் ஆள் நான்தான். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நான் அதை மறக்கவே இல்லை.

வெள்ளைக்காரம்மாவுக்கு அந்த ஊரில் பேச ஆள் கிடையாது. புருசன் காலையில் மெஷினுக்குள் நுழைந்தால் சாயங்காலம் கிரீசோடு வெளியே வருவார். அம்மா என்னைக் கூப்பிடுவதைக் கேட்டு அந்த அம்மா முதலில் கற்றுக்கொண்ட தமிழ் 'ஏலே'. மரியாதையாகக் கூப்பிடும் சொல் என்று நினைத்துவிட்டார்கள். ஒருநாள் முதலாளி விசாரிக்க வந்தபோது, "ஏலே, காபி?" என்றார்கள். முதலாளி ஒரு நிமிசம் அப்படியே நின்றுவிட்டு, "குடிப்போம்மா" என்று உட்கார்ந்தார். அம்மா அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் வெள்ளைக்காரம்மா என்னைக் கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். மூன்று கம்பியைத் தட்டிக் காட்டி, அதேமாதிரி தட்டச் சொல்லிச் சைகை. என் விரலில் பசை காய்ந்து நகத்தோடு தோலாக இருந்தது. நான் தட்டினேன். அது வரவில்லை. மறுபடி காட்டினார்கள். மறுபடி தப்பு. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காராச்சேவு தின்றுகொண்டிருந்த தங்கச்சி, தலையைத் தூக்காமல், அந்த மூன்று சத்தத்தையும் வாயால் பாடினாள். சரியாக. வெள்ளைக்காரம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஸ்டூல் எனக்கு இல்லை.

ஆறு வயதுப் பிள்ளைக்கு அதைப் பழக்குவது லேசில்லை. கால் தரையில் எட்டாது. நான் இரண்டு செங்கல் கொண்டுவந்து போட்டேன். சட்டத்தை வலது தோளில் சாய்த்துக்கொள்ள வேண்டும். அவளால் பாரம் தாங்க முடியாது. அதனால் நான் எதிரே உட்கார்ந்து முன்தூணை முழங்காலுக்கு நடுவே பிடித்துக்கொண்டேன். அதுதான் என் வேலை. கட்டைவிரல் மேலே பார்த்து நிற்க வேண்டும், மற்ற விரல்கள் கீழே. கம்பியைத் தட்டியபின் விரல் உள்ளங்கைக்குள் போய் மூடிக்கொள்ள வேண்டும். சுண்டுவிரலுக்கு மட்டும் வேலை கிடையாது.

"இந்த வெரலு என்ன பாவம் செஞ்சிச்சிண்ணே?" என்று தங்கச்சி கேட்டாள்.

"அது வெறும சும்மா இருக்கும். என்ன மாதிரி" என்றேன்.

வெள்ளைக்காரம்மா அவள் விரலில் மையால் கண்ணும் மூக்கும் வரைந்தார்கள். கட்டைவிரல் முதலாளி, அடுத்தது அம்மா, நடுவிரல் அய்யா, மோதிரவிரல் அண்ணன் என்று தங்கச்சியே பெயர் வைத்தாள். அச்சாபீசில் கழிந்த லேபிள் தாள்களை நான் கத்தரித்துக் கொண்டுவந்து, ஒவ்வொரு கம்பிக்கு மேலேயும் ஒரு படம் ஒட்டினோம். கிளி, ரயில், ரோஜா, யானை. "கிளி, கிளி, ரயில்" என்று நான் சொல்ல வேண்டும், அவள் தட்ட வேண்டும். பத்து நாளில் நான் சொல்வதற்கு முன்னாலேயே தட்டினாள். இருபதாம் நாள் நான் சொல்வதை நிறுத்தச் சொல்லி வெள்ளைக்காரம்மா வாயில் விரல் வைத்தார்கள்.

தூணைப் பிடித்திருக்கும்போது சத்தம் என் கால் எலும்பில் ஓடும். சட்டத்துக்கு அந்தப் பக்கம், கம்பிகளுக்கு நடுவே அவள் முகம். நாக்கைக் கடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல். அம்மா விளக்குமாற்றோடு வாசலில் நின்று கேட்பாள். "தங்கச்சி மேல எம்புட்டுப் பாசம் பாருங்க, பிடிச்ச பிடிய விடமாட்டேங்கான்" என்று என்னைக் காட்டி அக்கம்பக்கத்தில் சொல்வாள். நான் பிடித்திருந்தது உண்மை. பிடித்துக்கொண்டே மனசுக்குள், இன்றைக்கு ஒரு தப்பு வரட்டும் என்று வேண்டிக்கொள்வேன்.

பங்குனியில் ஒருநாள் முதலாளி வந்து கதவோரம் நின்று கேட்டார். வெள்ளைக்காரம்மா நாட்டுத் தாலாட்டு ஒன்று. அது முடிந்ததும் அவர் அய்யாவைக் கேட்டிலிருந்து கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, உன் பிள்ளையா இது? நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு வீணை சொல்லிக்குடுக்க வாத்தியார் வச்சு நாலு வருசமாச்சு. தூசிதான் படியுது." பிறகு சொன்னார்: "மெஷின் ஓட்டப் பூசை போடுற அன்னைக்கு வெளியூர்ல இருந்தெல்லாம் ஆளுக வாறாக. அவுக முன்னால வாசிக்கட்டும். நல்லா வாசிச்சாள்னா கான்வெண்டுல சேத்து விடுதேன். படிச்சு முடிக்கிற மட்டும் என் பொறுப்பு."

அய்யா கரண்டிக் கையையும் நல்ல கையையும் சேர்த்துக் கும்பிட்டார். எனக்கு அந்தக் கும்பிடு இப்போதும் கண்ணில் நிற்கிறது. நான் ஐந்தாம் வகுப்பில் முதல் மார்க். வாத்தியார் வீட்டுக்கே வந்து, பையனை நிறுத்தாதீர்கள் என்று சொன்னார். அப்போது யாரும் என் பொறுப்பு என்று சொல்லவில்லை. இவள் நாலு கம்பியைத் தட்டியதற்கு வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, டை, கறுப்பு ஷூ. அன்றைக்கு ராத்திரி பாதிச் சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடு கண்டிருக்கு என்றாள்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பட்டாசு வேலைக்குப் போகிற எல்லா வீட்டிலும் அது உண்டு. வேலை முடிந்து வந்தால் அம்மா அடுப்புப் பக்கம் போகமாட்டாள். நேரே தண்ணீர்த் தொட்டிக்குப் போய்த் தலையோடு குளித்து, சேலையை மாற்றி, நகக்கண்ணைத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் தீப்பெட்டியைத் தொடுவாள். அதற்கு முன்னால் நாங்கள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டால் தள்ளிவிடுவாள். "மருந்துக் கை, மருந்துக் கை" என்பாள். வெயில் ஏறிவிட்டால் மருந்து வேலையை நிறுத்திவிடுவார்கள் என்பதும், திரியைத் தேய்க்கக் கூடாது, இழுக்கக் கூடாது என்பதும் எங்கள் தெருவில் நடை பழகும் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

சித்திரை நடுவில் ஒரு மத்தியானம். வெள்ளைக்காரம்மா கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். நானும் தங்கச்சியும் கெஸ்ட் ஹவுஸ் வராந்தாவில் கழிவுத் தாள் அடுக்கிக்கொண்டிருந்தோம். பூட்டிய அறைக்குள்ளிருந்து படாரென்று ஒரு சத்தம், ஒற்றை ஊசிவெடி மாதிரி. தங்கச்சி என் மேல் வந்து விழுந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். கறுப்புக் கம்பிகளில் ஒன்று அறுந்து, தரையில் சுருண்டு கிடந்தது. எங்கள் ஊர் வெயில் காய்ச்சலை அந்த மரமும் நரம்பும் தாங்கவில்லை, அவ்வளவுதான். அதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது.

"யாருமே தொடலயேண்ணே. எப்படிண்ணே வெடிச்சிச்சு?"

அவள் கேட்கிறவரை என் மனதில் ஒன்றும் இல்லை. கேட்டதும் பதில் தானாக வந்தது.

"அது திரி, பிள்ள. கறுப்பா இருக்குல்ல. நீ பாக்கல?"

"அந்தம்மா தெனம் தொடுதாகளே."

"அவுக கையில மருந்து இல்ல. நம்ம கையில இருக்கு. அம்மா ஏன் குளிக்காம அடுப்புக்கிட்ட போகமாட்டேங்கா?"

"நான் குளிச்சிட்டுத்தான வாறேன்."

"குளிச்சாப் போயிருமா? உள்ள ஊறிக் கெடக்கும். அய்யா மட்டும் என்ன, குளிக்காமயா இருந்தாரு?"

அவள் யோசித்தாள். எளிதில் விடுகிற பிள்ளை இல்லை. "முந்தி நான் தொட்டேனே, ஒண்ணும் ஆகலயே."

"அப்ப வெயிலு இல்ல. இப்ப கத்திரி வரப்போகுது. மருந்து ரூம்ல எதுக்குப் பத்து மணிக்கே வேலைய நிறுத்துறாக?"

அவள் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தாள். விரலில் முந்தின நாள் வரைந்த கண்களும் மூக்குகளும் பாதி அழிந்திருந்தன.

"அந்தம்மாட்ட சொல்லிருவமா?"

"சொன்னா உன்ன வீட்டுக்குள்ளயே விடமாட்டாக. கம்பிச்சட்டத்தையும் தொட விடமாட்டாக."

அந்தக் கடைசி வரிதான் பூட்டு. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளைக்காரம்மா புதுக் கறுப்புக் கம்பி மாட்டினார்கள். அறுந்ததை என்னிடம் கொடுத்தார்கள், விளையாட்டுச் சாமான் போல. நான் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து தங்கச்சி கறுப்பைத் தாண்டினாள். ஓடுகிற தாலாட்டில் அந்த இடம் வந்தால் ஒரு பள்ளம் விழும். சேலை நனைத்துக் காயப்போட்ட கயிற்றைக் குனிந்து கடப்பதுபோல அவள் விரல் அதைக் கடந்துபோகும். வெள்ளைக்காரம்மா அவள் விரலைப் பிடித்து வைத்தால் கல்லாக இறுகிவிடுவாள். பாடம் தொடங்கும் முன் வாளித் தண்ணீரில் சலவைச் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். விரல் நுனி வெளுத்து வெடித்துவிட்டது. வெள்ளைக்காரம்மா அதைப் பார்த்து, இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு சுத்தம் என்று புருசனிடம் காட்டி மெச்சினார்கள்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பிள்ளைக்குக் கறுப்பு நிறம் சரியாகத் தெரியவில்லையோ என்று வெள்ளைக்காரர் அவள் முன்னால் பென்சிலை ஆட்டிப் பார்த்தார். அம்மா, தெருக்கண்ணு பட்டிருச்சு என்று மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். முதலாளி வந்தபோது, "பசிச்சிருக்கும், பாலு குடுங்க" என்றார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஒரே ஆளான நான் தூணைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளைக்காரம்மா விடவில்லை. இரண்டு நாள் பாடம் எடுக்காமல் தனியே உட்கார்ந்து எதையோ தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மூன்றாம் நாள் புதிதாக ஒரு பாட்டை ஆரம்பித்தார்கள். அதில் கறுப்புக் கம்பியே வரவில்லை. தொடக்கத்திலிருந்து முடிவு வரை, ஒரு இடத்தில்கூட. தங்கச்சி அதை இரண்டே நாளில் பிடித்துவிட்டாள். பள்ளம் இல்லை. முன்னைவிட நன்றாக இருந்தது. நான் சொன்ன பொய்யைச் சுற்றி ஒரு பாதை போட்டு அதில் அவளை நடத்திக்கொண்டு போய்விட்டார்கள்.

பூசை நாள் வந்தது. எனக்கு முதலாளி வீட்டிலிருந்து புதுச் சட்டை. கம்பிச்சட்டத்தைப் பிடிக்கிற பையன் கந்தலோடு இருக்கக் கூடாதே. தங்கச்சிக்குச் சரிகை வைத்த பச்சைப் பாவாடை. மெஷினுக்கு மாலை, சந்தனம், உருளைக்கு அடியில் நசுக்க எலுமிச்சம்பழம். குத்துவிளக்குகள். பட்டாசுக் கம்பெனி முதலாளிகளே நாற்பது ஐம்பது பேர் வந்திருந்தார்கள். வாசலில் செருப்பு மலையாகக் கிடந்தது. நாதசுரக்காரர் வாசித்து முடித்து இறக்கிவைத்ததும், முதலாளி எங்களைக் கைகாட்டினார்.

தங்கச்சி வாசித்தாள். இன்றைக்கும் என்னால் அதில் குறை சொல்ல முடியாது. பேச்சுச் சத்தம் அடங்கியது. காபித் தட்டோடு நின்றவர் அப்படியே நின்றார். நாதசுரக்காரர் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். முடிந்ததும், "வெள்ளைக்காரப் பாட்டுன்னு சொன்னாக. பிள்ள மோகனம்ல வாசிக்குது" என்றார். முதலாளி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் முகத்தில் மெஷின் வந்த நாளில்கூட அப்படி ஒரு வெளிச்சம் இல்லை. வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, டை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

நாதசுரக்காரர் ஆசையாகக் கிட்டே வந்து குனிந்தார். "இந்தக் கறுப்பத் தாண்டித் தாண்டிப் போறியே. மோகனத்துல வராத மத்திமம் இதுதானா? தட்டு தாயி, ஒருதரம் கேப்போம்."

தங்கச்சி கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"தட்டு ஆத்தா. அண்ணாச்சிமார்லாம் கேக்காகள்ல" என்றார் முதலாளி.

அவள் கம்பிகளுக்கு நடுவே என்னைப் பார்த்தாள். என் முகத்துக்கும் அவள் முகத்துக்கும் ஒரு முழம்தான் இருக்கும். உதடு மட்டும் அசைந்தது.

"அண்ணே, தொடவா?"

ஒரு வார்த்தை போதும். தொடு என்றால் தொட்டிருப்பாள். தலையை ஆட்டியிருந்தால்கூடப் போதும். நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தூணின் அடியில் இருந்த மரக்கணுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டமாக, மாட்டுக்கண் மாதிரி ஒரு கணு.

முதலாளி சிரித்துக்கொண்டே அவள் கையை இழுத்தெடுத்து, விரலைப் பிடித்து, கறுப்புக் கம்பியில் கொண்டுபோய் வைத்தார்.

"விடுங்க, தீப்பிடிச்சிரும். தீ. தீப்பிடிச்சிரும்."

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். எங்கள் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள். கால் முந்திக்கொள்ளும். ஐம்பது முதலாளிகளும், பூசாரியும், காபித் தட்டும், மேளக்காரர்களும் ஒரே வாசல் வழியாக வெளியே போனார்கள். செருப்பை யாரும் தேடவில்லை. குத்துவிளக்கு ஒன்று சாய்ந்து எண்ணெய் ஓடியது. உள்ளே மிஞ்சியது ஒன்றும் புரியாமல் நின்ற வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர், அலறிக்கொண்டிருந்த தங்கச்சி, தூணைப் பிடித்தபடி நான்.

எல்லோரும் வெளியே ஓடும்போது ஒரே ஒரு ஆள் உள்ளே ஓடிவந்தார். அய்யா. நல்ல கையால் அவளை அள்ளிக்கொண்டு, கரண்டிக் கையால் அவள் தலையை மூடினார்.

"எங்கலே தீ?"

"தீ இல்லய்யா."

"பெறகு ஏன் கத்துனா?"

"தெரியலய்யா" என்றேன்.

வெளியே முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். சத்தம் போடவில்லை. "நல்ல நாளும் அதுவுமா, பிள்ள வாயில வாற சொல்லா இது" என்றார். பூசையை முதலிலிருந்து மறுபடி தொடங்கச் சொன்னார். பிறகு அய்யாவிடம், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. கான்வெண்டுப் பேச்செல்லாம் இன்னொரு நாள் பாத்துக்கிடலாம்" என்றார். இன்னொரு நாள் வரவில்லை. கெஸ்ட் ஹவுசுக்கு அம்மா வர வேண்டாம் என்று மறுநாளே சொல்லிவிட்டார்களாம். அதைக் கேட்க நான் அங்கே இல்லை. மேளம் மறுபடி கேட்டபோது பின்கேட் வழியாக வெளியே வந்து, நடக்கத் தொடங்கியிருந்தேன்.

பல வருசம் கழித்து மல்லாங்கிணற்றில் தங்கச்சியைப் பார்த்தேன். அங்கேதான் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பட்டாசுக் கம்பெனி வேன் தினமும் காலையில் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும். நான் போனது ஞாயிற்றுக்கிழமை. சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கோழி அடித்துக் குழம்பு வைத்தாள்.

"தங்கச்சிக்குக் கான்வெண்டு ஆகலையேன்னு மனசு ஒடிஞ்சு போயிட்டான் எம்பிள்ளன்னு அம்மா சாகுற மட்டும் சொல்லிட்டே இருந்தாண்ணே" என்றாள்.

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மேலும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

"அந்தம்மா ஊருக்குப் போகும்போது நான் கேட் பக்கத்துல நின்னேன். கம்பிச்சட்டத்த வண்டியில ஏத்துனாக. கிட்டப் போயி, கறுப்ப ஒருதரம் தட்டிப் பாத்தேன்."

"என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"என்ன ஆகும்? சத்தம் வந்துச்சு." அவள் ஈயை விரட்டினாள். "நல்லா இருந்துச்சுண்ணே. சாப்பிடு, ஆறிப்போகுது."

சொல்ல வந்ததை நான் சொல்லவில்லை. சொல்வதற்கு மிச்சம் இல்லை என்று அவளே மூடிவிட்டாள். அவள் அப்படிச் செய்ததிலும் எனக்கு ஒரு பொறாமை வந்தது என்றால் நம்புவீர்களா? அவளுக்கு அந்த ஒரு சத்தமாவது கிடைத்தது.

வீட்டைவிட்டு நடந்த அன்றைக்கு ஆமத்தூர் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. டீக்கடை ஒன்றில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, பையிலிருந்த கறுப்புக் கம்பியை எடுத்து ஒரு நுனியைத் தீயில் காட்டினேன். சீறவில்லை. பொறி பறக்கவில்லை. மெதுவாகச் சுருண்டு, தலைமுடி கருகிய நாற்றம் வந்தது. "ஏலே, என்னத்தலே அடுப்புல போடுத" என்று கடைக்காரர் அதட்டினார். மீதியையும் போட்டுவிட்டேன். பஸ் ஸ்டாப் திண்டில் படுத்துத் தூங்கினேன். நல்ல தூக்கம். அந்த வயதில் எதற்கும் தூக்கம் கெடாது.

காலையில் சைக்கிளில் வந்த ஒரு போர்மேன் என்னைத் தட்டி எழுப்பினார். "எந்த ஊரு? வேலைக்கு வாறியாலே? மத்தியானம் சோறு உண்டு." பின்னால் ஏறிக்கொண்டேன்.

ஊரைவிட்டு வெகுதூரம் தள்ளி, பொட்டல் காட்டில் ஒரு கொட்டகை. அது திரி போடுகிற இடம். பருத்தி நூலைக் கறுப்பு மருந்துக் கூழில் முக்கி, மரச்சட்டத்தில் வரிசையாக இழுத்துக் கட்டி, வெயிலில் சாய்த்துவைத்திருந்தார்கள். என் உயரத்துக்குச் சட்டங்கள். சட்டத்துக்கு நூறு நூல் இருக்கும். வெளுப்பு இல்லை, சிவப்பு இல்லை. எல்லாம் கறுப்பு.

"வெயில் ஏறுறதுக்குள்ள காஞ்சத எல்லாம் உள்ள கொண்டுபோயி வைக்கணும்" என்றார் போர்மேன். "தூக்கும்போது நூல்ல கை படக் கூடாது. இழுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது. முன்னப் பின்ன இந்த மாதிரி எதயும் தூக்கியிருக்கியா?"

தூக்கியிருக்கிறேன் என்றேன். குனிந்து ஒரு சட்டத்தை எடுத்து வலது தோளில் சாய்த்துக்கொண்டேன்.